திணறலா, நிற்றலா? ஜாலான் ஈப்போ தூக்கப் பரிசோதனைக் கடையும் என் ஆறு மாத மாஸ்க்கும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடை நல்ல கடை. கோலாலம்பூரில் ஜாலான் ஈப்போ என்ற சாலையில், மோட்டார் சைக்கிள் சாமான் விற்கும் கடைக்கு மேலே, முதல் மாடி. வீட்டிலேயே படுத்துத் தூங்கிச் செய்துகொள்ளும் தூக்கப் பரிசோதனைக்குக் கருவி வாடகைக்குத் தருகிறார்கள். தேவைப்பட்டால், தூங்கும்போது மாஸ்க் வழியாகக் காற்றடிக்கும் சீபேப் மெஷினும் அதற்கான மாஸ்க்கும் விற்கிறார்கள். பெயரைப் போடப் போவதில்லை. இரண்டு மூன்று குறையும் கீழே வரும், இளவட்டங்கள் நடத்தும் சின்னக் கடை, நம் ஆட்கள் குறையை மட்டும் படித்துவிட்டுப் போய்விடுவார்கள். படிக்கட்டு அவ்வளவு செங்குத்து. ஏறி முடித்தபோது எனக்கு மூச்சு வாங்கியது. அது வேறு மூச்சுப் பிரச்சினை. எது எந்தப் பிரச்சினை என்று தெரியாமல்தான் எனக்கு இரண்டு வருஷம் வீணானது.

நான் பிழை திருத்துகிறவன். மஸ்ஜித் ஜாமெக் பக்கம் ஓர் அச்சகத்தில் இருபத்தெட்டு வருஷமாகக் கல்யாணப் பத்திரிகை, திருவிழா மலர், பள்ளிக்கூடப் பயிற்சி நூல் என்று எது வந்தாலும் ஒற்று விழுந்திருக்கிறதா என்று பார்ப்பது வேலை. வயது 56. குடியிருப்பு செந்தூல். மீசை உண்டு, அதுவும் இந்தக் கதையில் வரும்.

என் குறட்டை எங்கள் பிளாட்டில் பிரசித்தம். பக்கத்து வீட்டுச் சீனப் பெரியவர் லிஃப்டில் பார்த்தால் “நன்றாகத் தூங்கினாயா” என்று மலாயில் விசாரிப்பார். அது விசாரிப்பு இல்லை, புகார். என் மனைவி மட்டும் குறட்டையைப் பற்றிக் குறை சொன்னதே இல்லை. அவள் சொன்னது வேறு: “நீங்க குறட்டை விட்டா நான் நிம்மதியா தூங்கிடுவேங்க. அது நின்னாத்தான் எனக்கு முழிப்பு வரும்.” நின்றதும் மனசுக்குள் எண்ண ஆரம்பித்துவிடுவாளாம். பதினைந்து, இருபது, சில நாள் நாற்பது. அப்புறம் நான் ஒரு பெரிய இழுப்பு இழுத்து, புரண்டு படுத்து, மறுபடியும் தொடங்குவேனாம். எனக்கு இதில் ஒன்றும் தெரியாது. எட்டு மணி நேரம் தூங்குகிறேன் என்றுதான் நினைத்திருந்தேன். எட்டு மணி நேரம் தூங்கியவன் சாயங்காலம் எல்.ஆர்.டி.யில் உட்கார்ந்தவுடன் ஏன் சாய்ந்துவிடுகிறான், செந்தூலில் இறங்காமல் ஏன் செந்தூல் தீமோர் வரை போய்த் திரும்புகிறான் என்று யோசித்ததில்லை. எங்கள் ஸ்டேஷனுக்கு அடுத்ததே கடைசி ஸ்டேஷன் என்பதால் பிழைத்தேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு கோயில் மண்டபத்தில் இலவச மருத்துவ முகாம் வைத்தார்கள். தமிழில் ஒரு தாள் கொடுத்து டிக் போடச் சொன்னார்கள். அதில் ஒரு கேள்வி: ‘தூங்கும்போது உங்களுக்கு மூச்சுத்திணறல் ஏற்படுகிறதா?’ இல்லை என்று போட்டேன். பக்கத்தில் இருந்த மனைவியும் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. திணறல் எங்கள் இரண்டு பேருக்கும் பழக்கமான சங்கதி. என் அப்பாவுக்கு ஆஸ்துமா. ராத்திரி எழுந்து உட்கார்ந்து, இரண்டு கையையும் கட்டில் சட்டத்தில் ஊன்றி, தோள்பட்டை ஏறி இறங்கக் காற்றுக்குத் தவிப்பார். அதற்குப் பெயர் திணறல். நான் செத்தவன் மாதிரி அசையாமல் கிடக்கிறேன், அப்புறம் குறட்டை விடுகிறேன். அதை எப்படித் திணறல் என்பது?

இந்த வருஷத் தொடக்கத்தில், பிரஷர் மாத்திரை இரண்டு போட்டும் இறங்கவில்லை என்று காது மூக்கு தொண்டை டாக்டரிடம் அனுப்பினார்கள். மலாய்க்கார அம்மா, கண்ணாடி போட்டவர், என் கழுத்தை டேப் வைத்து அளந்தார். சட்டை தைக்கவா என்று கேட்க நினைத்து விட்டுவிட்டேன். குறட்டை உண்டா என்றார், உண்டு என்றேன். கூடவே முந்திக்கொண்டு, “செசாக் நாஃபாஸ்” எனக்குக் கிடையாது என்று சொன்னேன். திணறலுக்கு மலாயில் அதுதான். அவர் சிரித்துவிட்டு, “புக்கான் செசாக், பாக்சிக். நாஃபாஸ் பெர்ஹெந்தி” என்றார். திணறல் இல்லை, மூச்சு நின்றுபோவது. பெர்ஹெந்தி இந்த ஊரில் எல்லாருக்கும் தெரிந்த சொல். சந்துமுனையில் எட்டு மூலைச் சிவப்புப் பலகையில் வெள்ளையாக எழுதியிருக்குமே, அதுதான். கார் நிற்கிற மாதிரி மூச்சு நிற்கிறது. மனைவி இருட்டில் எண்ணிக்கொண்டிருந்தது எதை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. தமிழ்த் தாள் இரண்டு வருஷத்துக்கு முன் சொல்லாததை இரண்டு மலாய்ச் சொல் சொல்லிவிட்டது. தொழில் இதுவாக இருப்பவனுக்கு அது கொஞ்சம் வலித்தது.

சரி, கடைக்கு வருகிறேன். மகள்தான் தேடிப் பிடித்தாள். டாக்டர் கடிதத்தோடு போனால், ஓர் இரவு வாடகை 350 வெள்ளி (ரிங்கிட்). கருவியைக் கட்டிக் காட்டிய பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும், நல்ல பொறுமை. மூக்குக்குக் கீழே மெல்லிய குழாய், நெஞ்சைச் சுற்றி ஒரு பெல்ட், விரல் நுனியில் சிவப்பு விளக்கு எரியும் கிளிப். “அங்கிள், பெல்ட்டு வயித்துல இல்ல, நெஞ்சுல. ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு, ஆனா நெஞ்சுல போடுங்க” என்றாள். கோபம் வரவில்லை, உண்மைதானே.

மறுநாள் கருவியைத் திருப்பிக் கொடுத்தபோது கணினியில் என் இரவைத் திறந்து காட்டினாள். இந்தக் கடைக்கு நான் கொடுக்கும் மதிப்பெண்ணில் பாதி அந்த அரை மணி நேரத்துக்கு. அறிக்கையை டாக்டர்தான் பார்த்துக் கையெழுத்துப் போடுவார் என்று முதலில் சொல்லிவிட்டு, கோடுகளை எப்படிப் படிப்பது என்று மட்டும் சொல்லிக்கொடுத்தாள். மேலே ஒரு கோடு மூக்கில் போகும் காற்று. நடுவில் நெஞ்சின் அசைவு. கீழே ரத்தத்தில் ஆக்சிஜன். மூச்சுக் கோடு அலை அலையாகப் போய்க்கொண்டிருந்தது, திடீரென்று ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நேராகிவிட்டது. நடுக்கோடு மட்டும் நிற்காமல் அசைகிறது. தொண்டை மூடிக்கொண்டது தெரியாமல் நெஞ்சு கீழிருந்து இழுத்துப் பார்க்கிறது. தூக்கத்தில் தொண்டைத் தசை தளர்ந்து, நாக்கு பின்னால் சாய்ந்து, வழி அடைபடுவதால் வருவது இது. நெஞ்சுக் கோடும் சேர்ந்து நேரானால் அது வேறு வகை, மூளையே ‘இழு’ என்று உத்தரவு அனுப்ப மறந்துவிட்டது என்று அர்த்தம். எனக்கு முதல் வகை. கொஞ்ச நேரம் கழித்துக் கீழ்க்கோடு சரிகிறது. உடனே மூளை லேசாக விழித்துத் தொண்டையைத் திறக்கிறது, ஒரு பெரிய மூச்சு, மறுபடி தூக்கம். அந்த விழிப்பு சில நொடிதான், அதனால் காலையில் நினைவில் இருப்பதில்லை.

பத்து நொடியாவது காற்று நின்றால்தான் கணக்கில் சேர்ப்பார்கள், அதற்கு ஆங்கிலத்தில் ஆப்னியா என்று பெயர். முழுக்க நிற்காமல் முப்பது சதவீதத்துக்கு மேல் குறைந்து, கூடவே ஆக்சிஜனும் இறங்கினால் அதையும் சேர்ப்பார்கள், அதற்குப் பெயர் ஹைப்போப்னியா. இரண்டையும் கூட்டி மணிக்கு எத்தனை என்று பார்ப்பது. ஐந்துக்குக் கீழே இருந்தால் கவலையில்லை, 15 வரை லேசு, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. எனக்கு 34. ஆறு மணிச் சொச்சம் நேரப் பதிவில் கிட்டத்தட்ட இருநூற்றுப் பத்துத் தடவை. மிக நீண்டது 58 நொடி. ஆக்சிஜன் 79 வரை இறங்கியிருந்தது. மனைவி நாற்பதுக்கு மேல் எண்ணியதில்லை என்றாளே, அதற்குள் அவளே தூங்கியிருக்க வேண்டும்.

அப்போதுதான் மேசை மேல் கிடந்த அவர்களுடைய தமிழ்த் தாளைப் பார்த்தேன். தலைப்பு: ‘உறக்க மூச்சுத்திணறல்’. முகாமில் பார்த்த அதே சொல், அதே கேள்வி. யாரோ எழுதியதை எல்லாரும் எடுத்துப் போட்டுக்கொள்கிறார்கள் போலிருக்கிறது. இது தப்பு என்றேன். அந்தப் பெண் மேலே பார்த்து யோசித்துவிட்டு, “ஆப்னியான்னா மூச்சு இல்லாததுனு அர்த்தம், அங்கிள். கிரேக்கம். தமிழ்ல எப்படிப் போடணும்னு எங்களுக்குத் தெரியல” என்றாள். தெரியவில்லை என்று கடையில் ஒருவர் ஒப்புக்கொண்டு கேட்டது எனக்கு அதுதான் முதல் தடவை.

வீட்டுக்கு வந்து அகராதிகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பித்தப்பை ஆபரேஷன் செய்தவர் கல்லைக் கேட்டு வாங்கிப் பார்ப்பதில்லையா, எனக்கு வந்த நோயின் பெயரை நான் பார்க்க வேண்டாமா? கிரேக்கத்தில் அது ‘அப்னோயா’. முன்னால் நிற்கும் அ, இல்லை என்பதைச் சொல்வது. நியாயம் அநியாயம், சுத்தம் அசுத்தம் என்று வடமொழி வழியாக நம்மிடம் வந்து உட்கார்ந்திருக்கிறதே, அந்த அ-வும் இதுவும் பங்காளிகள். மீதி, மூச்சுவிடுதல், காற்று வீசுதல் என்ற வினையிலிருந்து வந்தது. அதனால் பழைய கிரேக்கர்கள் கடலில் காற்று அடங்கிப் பாய்மரம் தொங்கிப்போனாலும் அப்னோயா என்பார்கள். மூச்சில்லாமல் முப்பது நாள் கிடந்த ஒரு பெண்ணை எம்பெடாக்ளிஸ் என்ற ஞானி காப்பாற்றினார் என்று அவர்களிடம் ஒரு பழங்கதையும் உண்டு. இன்றைக்கும் பிரெஞ்சுக்காரர்களும் இத்தாலியர்களும் மூச்சடக்கிக் கடலில் முங்குவதை இதே சொல்லால்தான் சொல்கிறார்கள். நம் முத்துக்குளிப்பவர் செய்ததும் யோகிகளின் கும்பகமும் ஒருவன் தெரிந்தே மூச்சை நிறுத்துவது. நான் தெரியாமல் நிறுத்துகிறேன். கிரேக்கச் சொல் இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்லை. காற்று இல்லை, அவ்வளவுதான் அதற்கு.

திணறலுக்கு அவர்களிடம் தனியாக ஒரு சொல் இருக்கிறது: டிஸ்ப்னியா. டிஸ் என்றால் கெட்ட, கடினமான. துர்நாற்றத்தில் வரும் துர்-ருக்குச் சொந்தம். ஹைப்போ என்றால் கீழ், குறைவு. ஆக ஒரே வேரில் மூன்று பிள்ளைகள்: மூச்சுச் சிரமம், மூச்சுக் குறைவு, மூச்சு நிற்றல். என் அப்பாவுக்கு மூத்தது, எனக்குக் கடைசி இரண்டும். தமிழ்த் தாள் எழுதியவர் மூத்த பிள்ளையின் பெயரைக் கடைசிப் பிள்ளைக்கு வைத்துவிட்டார். இது எழுத்துப் பிழை இல்லை, ஆள்மாறாட்டம். திணறுகிறவனுக்குத் தான் திணறுவது தெரியும், அவன் டாக்டரிடம் ஓடுவான். மூச்சு நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. பக்கத்தில் படுத்திருப்பவருக்குத்தான் தெரியும். கேள்வியை அவரிடம்தான் கேட்க வேண்டும், அதுவும் இப்படி: ‘குறட்டை நடுவில் நின்றுபோகிறதா?’

அப்படியானால் என்ன சொல் போடுவது? மூச்சுத்தடை என்று சிலர் எழுதுகிறார்கள். என் வகைக்குப் பொருந்தும், மூளை மறந்துபோகும் வகைக்குப் பொருந்தாது, அங்கே தடை எதுவும் இல்லையே. நிறுத்தம் என்றால் பஸ் ஞாபகம் வருகிறது. சரியான பெயர்ப்பு என்று பார்த்தால் ‘உயிர்ப்பின்மை’தான். உயிர்த்தல் என்றால் மூச்சுவிடுதல் என்பதைப் பெருமூச்சுக்கு நெட்டுயிர்ப்பு என்ற பெயர் இருப்பதை வைத்தே சொல்லிவிடலாம். கிரேக்கர்களுக்கும் நியூமா என்றால் மூச்சும்தான், உயிரும்தான். மலாய்க்காரர்கள் அரபியிலிருந்து எடுத்த நாஃபாஸுக்குப் பக்கத்திலும், அதே வேரில், ஆன்மாவைக் குறித்த அரபுச் சொல் நிற்கிறது. எல்லா ஊரிலும் மூச்சையும் உயிரையும் ஒரே கயிற்றில்தான் கட்டியிருக்கிறார்கள். ஆனால் உயிர்ப்பின்மை என்று தாளில் அச்சடித்தால் நோயாளி மாஸ்க் வாங்க மாட்டார், உயில் எழுதப் போய்விடுவார். கடைசியில் ‘தூக்கத்தில் மூச்சு நிற்றல்’ என்று எழுதிக் கொடுத்தேன். அழகில்லை. டாக்டரம்மா சொன்னதன் தமிழ்தான் அது.

ஆப்னியா என்று அப்படியே எழுதுவதிலும் ஒரு சங்கடம் உண்டு. ப்-க்குப் பக்கத்தில் ப-வைத் தவிர வேறு வல்லினமோ மெல்லினமோ வந்து உட்காரத் தமிழ் இடம் கொடுக்காது. க், ச், த், ப் நான்கும் தம்மோடு மட்டுமே சேரும். முறைப்படி போனால் அபுனியா என்று எழுத வேண்டும், மூன்றாம் வகுப்புப் பாட்டில் வரும் பெண் பெயர் மாதிரி. அதையும் விட்டுவிட்டேன்.

இனி மெஷின். முதல் மாதம் வாடகை 300 வெள்ளி, வாங்கினால் விலையில் கழித்துக்கொள்கிறார்கள். இது நியாயமான ஏற்பாடு, எல்லாக் கடையிலும் இல்லை. ஆஸ்திரேலியக் கம்பெனி மெஷின், கழித்ததுபோக மாஸ்க்கோடு 3,400 வெள்ளி கொடுத்தேன். இந்த வைத்தியம் பிறந்ததே ஆஸ்திரேலியாவில்தான். சிட்னியில் காலின் சல்லிவன் என்ற டாக்டர் 1980-ல் முதல் நோயாளிக்குப் போட்டுப் பார்த்து, 1981-ல் எழுதி வெளியிட்டார். அதற்கு முன் கடுமையான நோயாளிகளுக்குக் கழுத்தில் துளை போடுவதுதான் வழி. ஆரம்ப கால மெஷின்களில் வேக்குவம் கிளீனர் மோட்டாரை வைத்துக் காற்றடித்தார்கள், மாஸ்க்கை முகத்தில் பசை போட்டு ஒட்டினார்கள். அதை நினைத்தால் என் மாஸ்க்கைக் குறை சொல்ல வாய் வராது. ஆனாலும் சொல்லப்போகிறேன்.

மெஷின் செய்வது மிக எளிய வேலை. காற்றைச் சின்ன அழுத்தத்தில் உள்ளே விட்டுக்கொண்டே இருக்கிறது, அந்தக் காற்றே தொண்டையை மூடவிடாமல் தாங்கிப் பிடிக்கிறது. ஆக்சிஜன் கொடுப்பதில்லை, அறையில் இருக்கும் காற்றுதான். அழுத்தத்தைச் சென்டிமீட்டர் தண்ணீரில் சொல்கிறார்கள். எனக்குப் பெரும்பாலும் பத்து. ஒரு கிளாஸ் தண்ணீரில் பத்துச் சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஸ்டிரா விட்டு ஊதிக் குமிழி வரவையுங்கள், அந்த அளவு. அந்தப் பெண் தன் ஐஸ் மைலோவிலேயே ஊதிக் காட்டினாள்.

முதல் குறை மாஸ்க். எல்லாருக்கும் கொடுக்கும் மூக்கு வாய் மூடும் பெரிய மாஸ்க்கை எனக்கும் கொடுத்தார்கள். மீசைக்கும் ரப்பருக்கும் நடுவில் காற்று கசிந்து கண்ணில் அடித்தது. நாலு நாள் கண் சிவந்து போனேன். மெட்ராஸ் ஐ என்று அச்சகத்தில் யாரும் பக்கத்தில் வரவில்லை. கடையில் போய்ச் சொன்னால், இன்னொரு பையன் மீசையை எடுத்துவிடலாமே என்றான். முப்பது வருஷ மீசை. வேண்டாம் என்றேன். பிறகு அந்தப் பெண்தான் மூக்குத் துவாரத்தில் மட்டும் பொருந்தும் சின்ன மாஸ்க்கை எடுத்துக் கொடுத்தாள். மூன்று அளவில் போட்டுப் பார்க்கவிட்டாள். மீசைக்காரர்கள் முதலிலேயே இதைக் கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவது குறை பெரியது. மெஷினில் ஈரப்பதத்துக்குத் தண்ணீர்த் தொட்டி உண்டு, காய்ச்சி வடித்த தண்ணீர் ஊற்ற வேண்டும். ஈரம் ஐந்தில் வைத்துக் கொடுத்துவிட்டார்கள். நான் ஏர்கானை இருபதில் வைத்துப் படுக்கிறவன். வெதுவெதுப்பான ஈரக்காற்று குளிர்ந்த குழாய்க்குள் போனால் என்ன ஆகும்? மூன்று மணிக்குக் குழாய் ஹூக்கா மாதிரி களகளவென்றது, அடுத்த நொடி மூக்கில் தண்ணீர். மூச்சு நிற்கக்கூடாது என்று வாங்கிய மெஷின் என்னை முக்கப் பார்த்தது. இப்போது ஏர்கான் 25, ஈரம் இரண்டு, குழாய்க்கு மனைவி தைத்த துணியுறை. பிரச்சினையில்லை. கோலாலம்பூர் மாதிரி ஊரில் விற்கும் கடை இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். கேட்டதற்கு “நிறைய பேர் அப்படித்தான் சொல்றாங்க” என்றார்கள். நிறைய பேர் சொன்னால் தாளில் போட வேண்டியதுதானே.

பணம் மிச்சம் பிடிக்கப் பழைய மெஷின் தேடுகிறவர்களுக்கு ஒன்று. 2021 ஜூனில் ஃபிலிப்ஸ் நிறுவனம், சத்தத்தை அடக்க உள்ளே வைத்த ஃபோம் உதிர்ந்து மூச்சோடு போகக்கூடும் என்று தன் மெஷின்களில் பல மாடல்களைத் திரும்ப அழைத்தது. இரண்டாம் கையில் வாங்கினால் மாடலையும் சீரியல் நம்பரையும் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ஆறு மாதம் ஆகிறது. 34 இப்போது மூன்றுக்குக் கீழே. மெஷினைக் கழற்றினால் பழையபடிதான், இது குணமாக்கும் மருந்து இல்லை. ஈப்போவுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனபோது எடுத்துப் போக மறந்து, அத்தை மகன் வீட்டில் ஒரு கூடமே விழித்திருந்தது. எடையைக் குறைக்க டாக்டர் சொல்லியிருக்கிறார், அது தனிக் கதை. பிரஷர் மாத்திரை ஒன்றாகியிருக்கிறது. செந்தூலில் இறங்குகிறேன். மனைவிக்குத்தான் முதல் இரண்டு வாரம் தூக்கம் வரவில்லை, எண்ண ஒன்றும் இல்லாமல் படுத்திருக்க அவளுக்குப் பழக்கமில்லை.

போன சனிக்கிழமை ஃபில்டர் வாங்கப் போனேன். புதிய தாள் அச்சடித்து வந்திருந்தது. நான் எழுதிக் கொடுத்தபடியே ‘குறட்டை நடுவில் நின்றுபோகிறதா?’ என்ற கேள்வியை முதலில் போட்டிருக்கிறார்கள், பக்கத்தில் படுப்பவரைக் கேட்கவும் என்ற குறிப்போடு. தலைப்பு பெரிய எழுத்தில், நல்ல நீல நிறத்தில்: ‘தூக்கத்தில் முச்சு நிற்றல்’. ஐந்நூறு பிரதி. கவுண்டர் ஓரமாக ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, பேனாவால் நாற்பது தாளில் மு-வை மூ-வாகச் சுழித்துக் கொடுத்துவிட்டு வந்தேன். மிச்சத்தை அடுத்த ஃபில்டர் வாங்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று அந்தப் பெண் கட்டாகக் கட்டித் தனியே எடுத்து வைத்திருக்கிறாள்.